படிக்கடை

எங்கள் கடைக்கு முறையான பெயர் ஒன்று இருக்கிறது. மூன்று மொழியில், ஆளுயரப் பலகையில், விளக்கெல்லாம் போட்டு மாட்டியிருக்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லி ஹட்டன் டவுனில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள். படிக்கடை எங்கே என்று கேட்டால் பஸ் கொண்டக்டர் முதல் மரக்கறி விற்கிறவர் வரை கை காட்டுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது அவமானமாக இருந்தது. சாரியும் கம்பளியும் விற்கிற கடையை ஏணி விற்கிற கடை மாதிரிக் கூப்பிடுகிறார்களே என்று எரிச்சல் வரும். எனக்கு எரிச்சல் வருவதற்கு அதிகம் எதுவும் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்.

பெயருக்குக் காரணம் கட்டடம். ஹட்டன் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஊர். கீழே கடைத்தெரு, அதன் முதுகுப் பக்கமாக மேலே இன்னொரு ரோடு. எங்கள் கட்டடம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கடைத்தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு தட்டு, மேல் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தட்டு. கீழ் வாசலிலிருந்து மேல் வாசலுக்குக் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே ஒரு படிக்கட்டு ஏறுகிறது. இருபத்தாறு படி. மேல் ரோட்டில்தான் கிளினிக் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பிறப்புப் பத்திரம் எடுக்கிற ஆபீசும் அங்கேதான். ரோடு வழியாக வளைந்து போனால் நல்ல காலுக்கே கால் மணி நேரம் ஆகும், முழுக்க ஏற்றம். எங்கள் கடைக்குள் நுழைந்து ஏறினால் இரண்டு நிமிஷம். ஆகவே ஊர் முழுக்க எங்கள் கடைக்குள்ளால்தான் நடந்தது.

கட்டடம் சிவப்புச் செங்கல், பூசாத செங்கல். கீழ்நாட்டுச் சூளையில் சுட்டு ரயிலில் ஏற்றி வந்ததாம், ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் தலையில் சுமந்தார்களாம். இது மாமனார் சொல்லிக் கேட்டது. ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்த வரிசை தலைவாட்டில் என்று மாற்றி மாற்றி வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருக்கிறார்கள். சுவர் ஒரு முழம் தடிப்பு. மேல் தட்டைத் தாங்குவது மரமில்லை, பழைய தண்டவாளத் துண்டுகள். ஜன்னல்களுக்கு மேலே செங்கல்லையே சாய்த்துச் சாய்த்து அடுக்கி வளைவு எடுத்திருக்கிறார்கள். உச்சியில் கட்டிய வருஷம் எழுதிய சதுரம் ஒன்று உண்டு, அந்த எழுத்தை மழை தின்றுவிட்டது. பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாக அலுமினியமும் கண்ணாடியுமாக மாறிவிட்டன. ரயிலை விட்டு இறங்கி வருகிற வெள்ளைக்காரர்கள் எங்கள் சுவரைத்தான் படம் எடுப்பார்கள். உள்ளே வந்து ஒரு கைக்குட்டை வாங்க மாட்டார்கள்.

வழிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முறை இருந்தது. யாரும் எழுதி ஒட்டியதில்லை. குடையை வாசலிலேயே மடக்கி உதற வேண்டும். மரக்கறி மூட்டையைத் தோளில் வைக்கக்கூடாது, கையில் தொங்கவிட வேண்டும். முதலாளியைப் பார்த்து ஒரு தலையசைப்பு. பிறகு மிக முக்கியமானது, தொங்குகிற துணியைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் வாங்க வந்தவர் என்று கணக்கு, கடைப்பிள்ளைகள் எழுந்து வந்துவிடுவார்கள். பார்க்காமல் போனால் வழிக்குப் போகிறவர். தீபாவளி நேரத்தில் கடை நிறையப் புதுச்சாரி தொங்கும்போது, தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டே ஏறிப் போவார்கள். அந்த அடக்கத்தைப் பார்த்து ஒரு காலத்தில் நான் பெருமைப்பட்டேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெருமை மாமனார் கொடுத்தது. கடைக்கு யார் வந்தாலும், தரகர் வந்தாலும் தபால்காரர் வந்தாலும், அவர் அந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு உடப்புசல்லாவை வரைக்கும் தோட்டத்து ஜனங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயம் லயமாக நடந்து விற்றவர். கடைசியில் இந்த இடத்தை வாங்கிக் கட்டடம் கட்டும்போது, ஜனங்கள் சுற்றிப் போய்க் கஷ்டப்படக்கூடாது என்று தன் கட்டடத்துக்கு நடுவிலேயே படி கட்டி ஊருக்கு வழி விட்டார். இதுதான் கதை. எனக்குச் சம்பந்தம் பேசும்போதும் இதைத்தான் சொன்னார்கள். தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்த என் அப்பா வேறு எதையும் விசாரிக்கவில்லை. ஊருக்கே வழி விட்ட குடும்பம், நம்ம பிள்ளை வயிற்றில் அடிக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சம்மதித்துவிட்டார். அடிக்கவில்லைதான். நல்ல மனிதர்கள்.

ஆனால் கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மழைக்காலத்தில் தரை ஒரே சேறு. ஒருமுறை கூறைச்சேலை பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண்ணின் மடியில் அட்டை ஊர்ந்தது. யாரோ கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே வந்தவர் காலிலிருந்து இறங்கியது. அந்த வியாபாரம் அன்றோடு போனது. நான் கத்தினேன். மாமனார் சிரித்துக்கொண்டே உப்பை எடுத்து அட்டை மேல் போட்டார். புண்ணியம் என்றால் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும் என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு கடை என் கைக்கு வந்தது. வீட்டுக்காரர் பெயரில்தான் எல்லாம், ஆனால் அவர் பூவுக்கு நோகுமோ என்று நடக்கிற மனுசன். வியாபாரம் படுத்துக்கொண்டே போனது. துணி ஏற்றிய வான் வண்டி லயத்து வாசலுக்கே வருகிறது. இளசுகள் எல்லாம் போனிலேயே பார்த்து போனிலேயே வாங்குகிறார்கள். இந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு பையன் வந்தான். மேல் ரோட்டுப் பக்கத்தை வாடகைக்கு எடுத்து, உல்லாசப் பயணிகளுக்குக் காப்பிக் கடை போட வேண்டும் என்றான். தேயிலை நாட்டில் காப்பி விற்கிற புத்தியைப் பாருங்கள். செங்கல் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். சுவர் இப்படியே இருக்கட்டும், வர்ணம்கூடப் பூச வேண்டாம், படியை மட்டும் மூடித் தளம் போட்டுக் கொடுங்கள் என்றான்.

வீட்டுக்காரர் தயங்கினார். அப்பா சாகும்போதும் வழியை மறிக்காதே என்றுதான் சொன்னார் என்று இழுத்தார். நான் விடவில்லை. நம் இடம், நம் படி, இத்தனை வருஷம் விட்டாயிற்று, இனி நம் வயிற்றையும் பார்க்க வேண்டாமா என்று மூன்று வாரம் அரைத்தேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும். ஒரு திங்கட்கிழமை காலை படிக்குக் கீழே குறுக்குப் பலகை அடித்து, வழி மூடப்பட்டுள்ளது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிட்டேன்.

சண்டை வரும் என்று வாயைத் தீட்டி வைத்திருந்தேன். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. வந்தார்கள், குடையை மடக்கினார்கள், பலகையைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். வயிறு தள்ளிய ஒரு பெண், கையில் கிளினிக் கார்டு, கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிவிட்டு, இத்தனை நாள் விட்டதே பெரிய காரியங்க என்று என்னிடமே சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். யாராவது என்னைத் திட்டியிருந்தால் அன்று நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

ஆனால் யாரோ ஒருவர் திட்டாமல் எழுதிவிட்டார். அடுத்த வாரமே நகர சபையிலிருந்து கடிதம் வந்தது. படிக்கட்டு பொதுவழி என்று முறைப்பாடு, வெள்ளிக்கிழமை டெக்னிக்கல் ஆபிசர் பார்வையிட வருகிறார், காணி உறுதிப் பத்திரத்தையும் வரைபடத்தையும் தயாராக வையுங்கள் என்று இருந்தது. உறுதி எழுதுகிற, தெரிந்த நொத்தாரிசு ஒருவருக்குப் போன் போட்டோம். பொதுவழி என்று தீர்ந்தால் படியை மட்டும் விட்டால் போதாது, அந்த வழிக்கு முதலில் எவ்வளவு அகலமோ அவ்வளவும் போகும், அதன் மேல் கட்டியிருப்பதை இடிக்கச் சொல்வார்கள் என்றார். படி கட்டடத்தின் நடுவில் ஏறுகிறது. அதை வெட்டி எடுத்தால் மிச்சமிருப்பது இரண்டு துண்டுச் சுவர்தான். கடை இருக்காது. நாங்கள் உறுதியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தோம். வடக்கே மேல் ரோடு, தெற்கே கடைத்தெரு என்று எல்லை மட்டும் இருந்தது. படியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாமனாரின் அப்பா, எங்கள் தாத்தா கட்டிய படிதானே, அதைத் தனியாக ஏன் எழுதப் போகிறார்கள் என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். எனக்குப் பயம் குறைந்தது.

அந்தத் தைரியத்தில், ஆபிசர் வருவதற்கு முன்பே, புதன்கிழமை காலை வேலையைத் தொடங்கச் சொன்னோம். கொத்தனார் வந்தார், மேசன் பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சிங்களவர், கொத்மலைப் பக்கம். எங்கள் வீட்டு வேலையெல்லாம் அவர்தான் செய்வார். நாங்கள் எல்லோரும் ஏறி இறங்கிய படி பலகைப் படி. பலகையைக் கழற்றி, கீழே மண்ணோ செங்கல்லோ என்னவோ இருப்பதைத் தட்டி எடுத்துச் சமப்படுத்தித் தளம் போடுவது என்று பேச்சு. அவர் நாலைந்து பலகையைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டது. நான் மேசையிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தேன். பலகைக்குக் கீழே கருங்கல் படி இருந்தது. உளியால் கொத்திய பெரிய பெரிய கல். நடந்து நடந்து தேய்ந்து, பழைய அம்மியைப் போலக் குழிந்திருந்தது.

தாத்தா கல்லில் கட்டியிருக்கிறார், பின்னால் யாரோ பலகை அடித்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. பாஸ் தலையை ஆட்டினார். மட்டக்கோலை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். குழி படியின் நடுவில் இல்லை. வலது பக்கம் போகப் போக ஆழம் கூடியது. எல்லாவற்றிலும் ஆழமான இடம் சரியாகச் சுவருக்குக் கீழே போயிற்று. சுவருக்கும் குழிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் செங்கல் சில்லு வைத்துச் சுண்ணாம்பு அடைத்து நிரப்பி, அதன் மேல் முதல் வரிசைச் செங்கல்லை ஏற்றியிருந்தார்கள்.

"கால் போட்டுப் போட்டுத் தேயிறது நடுவுலதானே நோனா," என்றார். "நடு எங்க? சுவருக்குக் கீழ. அப்ப படி மொதல், சுவர் பொறகு. மத்தப் பாதி அந்தப் பக்கம் இருக்கணும்."

அந்தப் பக்கம் எங்கள் ஸ்டோர் ரூம். கம்பளிக் கட்டு அடுக்கியிருக்கிற அறை. நானும் அவருமாகக் கட்டுகளை நகர்த்தினோம். தரைப் பலகை ஒன்றை அவர் நெம்பினார். டோர்ச் அடித்தேன். கீழே இருட்டில் அதே கல், அதே உயரத்தில், படி படியாக ஏறிக்கொண்டிருந்தது. சுவரை ஒட்டித் தேய்ந்தும், தள்ளிப் போகப் போக உளிக்கொத்து அழியாமலும் இருந்தது. ஒரே கல். சுவர் அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது.

படி இங்கே முதலில் இருந்திருக்கிறது. கீழிருந்து மேலே போகிற ஜனங்களின் படி. நான்கு பேர் சேர்ந்து ஏறக்கூடிய அகலம். யார் கல்லை வைத்தார்களோ தெரியாது. நடந்து தேய்த்தவர்கள் யார் என்பதற்கு மட்டும் சாட்சி தேவையில்லை, இந்த மலையில் சுமை தூக்கி நடந்தவர்கள் தோட்டத்து ஜனங்களை விட்டால் யார்? தாத்தா அதற்கு இரண்டு பக்கமும், நடுவிலும் சுவர் எழுப்பி, பாதிப் படியை ஸ்டோர் ரூமுக்குள் விழுங்கிவிட்டு, மீதிப் பாதியை ஊருக்குத் தர்மம் செய்திருக்கிறார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தாராம். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஸ்டோர் ரூமில் கம்பளிக் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு தாத்தாவே துணி மூட்டையோடு இந்தப் படியில் எத்தனை தடவை ஏறியிருப்பார் என்று நினைத்தேன். தெரியாமல் செய்திருக்க முடியாது. சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார்.  பிறகு பாஸிடம், இதை மறைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பலகையைத் திரும்ப அடித்து ஓரத்துக்குச் சிமெந்து பூசினால் ஒரு பகல் போதும் என்றார் பாஸ். அவர் முகத்தில் எந்த அபிப்பிராயமும் இல்லை. அவருக்கு இது ஒரு நாள் வேலை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களா என்று நான் எகிறினேன். பாஸை வெளியே போய்த் தேத்தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு இவர் என்னைப் பார்த்தார்.

"நீதான மூடச் சொன்ன?"

"நம்மளோடதுன்னு நெனச்சுச் சொன்னேங்க."

"நான் வேணாம்னேன். கேட்டியா?"

"தர்மம்னா விடுவீங்க. அவங்களோடதுன்னா மறைப்பீங்களா?"

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்றும் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கல்லில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கணக்குச் சொன்னார். வழியைத் திறந்துவிடுவோம். காப்பிக் கடை வேண்டாம். ஜனங்கள் பழையபடி போகட்டும். கடையும் நிற்கும், அப்பா பேரும் நிற்கும், கடையில் வேலை செய்கிற ஐந்து பிள்ளைகளின் சோறும் நிற்கும். உண்மையைச் சொன்னால் கட்டடம் போகும், இத்தனை வருஷம் அப்பா ஊருக்குச் சொன்னது பொய் என்று ஆகும். அவர்களுக்குத் தேவை வழிதானே, வழி கிடைக்கிறது, இதில் யாருக்கு என்ன நட்டம்?

  நட்டம் இருக்கிறது என்று நெஞ்சு சொன்னது. எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியவில்லை. நான் கொழும்புப் பையனுக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டுக் குறுக்குப் பலகையை என் கையாலேயே கழற்றினேன். மாலைக்குள் பாஸ் படிப்பலகையை எல்லாம் அடித்து முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்த ஆபிசர் யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயது, சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று வாசலில் நின்று கேட்கிற மரியாதை. உறுதியைப் பார்த்தார், டேப் பிடித்தார், படி ஏறி மேல் வாசல் வரை போய் வந்தார். அவர் இறங்கி வரும்போதே இரண்டு பேர் அவரைக் கடந்து ஏறிப் போனார்கள். அது நல்ல நேரம் என்று வீட்டுக்காரர் நினைத்திருக்க வேண்டும், அவர் முகம் தெளிந்தது.

"இந்தப் படி ஆர் கட்டினது?" என்று கேட்டார் ஆபிசர்.

"எங்க தாத்தா கட்டி ஊருக்கு விட்டது சார்," என்றார் என் வீட்டுக்காரர். குரல் அப்படியே மாமனாரின் குரல்.

அப்படியென்றால் பிரச்சினை ஒண்டும் இல்லை, திறந்திருந்தால் சரி, நல்ல விசயம்தானே என்று ஆபிசர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் ஏதும் சொல்ல இருக்கோ?" என்றார்.

ஸ்டோர் ரூம் கதவு என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நான்கு அடி. திறந்து, கட்டை நகர்த்தி, டோர்ச் அடித்தால் முடிந்தது. பல்லு வரைக்கும் வந்து நின்றது சொல். பாவி வாய், அட்டைக்கும் சேற்றுக்கும் எத்தனை கத்து கத்தியது.

"பிளேன்டீ குடிக்கிறீங்களா சார்?" என்றேன்.

குடித்தார். இஞ்சி போட்டது நன்றாக இருக்கிறது என்றார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. உரிமையாளரின் அனுமதியின் பேரில் பொதுமக்கள் பயன்படுத்திவரும் தனியார் படிக்கட்டு என்று முத்திரை குத்தி எழுதியிருந்தது. அதைப் படித்த அன்றுதான் நட்டம் எங்கே என்று எனக்குப் புரிந்தது. உறுதியில்கூட இல்லாத ஒன்றை இப்போது எழுத்தில் வாங்கிவிட்டோம். நாளைக்கு எங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் மூட நினைத்தால், இந்தக் காகிதத்தைக் காட்டி மூடலாம். நான் ஒரு திங்கட்கிழமை செய்ததை யாரும் இனி என்றைக்கும் செய்யலாம். இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். காகிதத்தை உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அதிலிருந்து எனக்குக் கடையில் இருப்புக் கொள்வதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கம்பளிக் கட்டுகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அடுக்கச் சொல்கிறேன், மறுநாள் திருப்பி அடுக்கச் சொல்கிறேன். கடைப்பிள்ளைகள் அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்வது காதில் விழுகிறது. இதற்கு நடுவில் நன்றி வேறு. மூடித் திறந்ததிலிருந்து ஜனங்கள் முன்னைவிட அதிகமாக நன்றி சொல்கிறார்கள். பெரிய மனசு பண்ணித் திறந்துவிட்டீர்கள், உங்கள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கும், மாமனார் பேரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று ஒவ்வொருவராக நின்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொன்றும் எனக்கு அறை. வெட்கத்தில் கோபம் வருகிறது, கோபத்தில் அவர்கள் மேலேயே எரிந்து விழுகிறேன், அதையும் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு மழைநாள். கடையில் ஆளில்லை. இவர் நுவரெலியாவுக்குப் போயிருந்தார். காலில் கட்டுப் போட்ட ஒருவர் கிளினிக்குக்குப் போக வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்ட காயமாம். குடையை மடக்கி வாசலில் வெகுநேரம் உதறினார். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, இந்த வழி மட்டும் இல்லையென்றால் இந்தக் காலோடு நான் எப்படிங்க மேலே போவேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்றார்.

என்னால் முடியவில்லை. எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"எனக்கு நன்றி சொல்லாதீங்க," என்றேன். "இது எங்க வழி இல்ல. உங்களோடது. நாங்க கட்டுறதுக்கு முந்தியே இங்க கல்லுப் படி இருந்திருக்கு. உங்க ஆளுங்க நடந்து தேஞ்ச கல்லு. பாதிய நாங்க உள்ள தள்ளிட்டோம். வாங்க, காட்டுறேன்."

 யாரிடமும் சொல்லாததை முதல் தடவை ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஊருக்குச் சொல்லட்டும், நகர சபைக்குச் சொல்லட்டும், இடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே சரக்கு இருக்கிறது, பார்ப்பது மரியாதையில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார். சங்கடமாகச் சிரித்தார்.

"அப்புடியெல்லாம் சொல்லாதீங்கம்மா. இருக்கிற லயத்துக் காம்பராவே எங்களோடது இல்ல. இதுல டவுனுக்குள்ள எங்களுக்கு எங்க வழி வரப்போகுது? நீங்க விடுறீங்க, நாங்க போறோம்."

இப்படிப் பேசவும் ஒரு மனசு வேண்டும் என்று சொல்லி மறுபடியும் கும்பிட்டார். பிறகு படியில் கால் வைத்தார். அடிபட்ட காலைத் தூக்கி வைக்க முடியாமல் ஒரு கையைச் செங்கல் சுவரில் ஊன்றிக்கொண்டார். நான்கைந்து படி ஏறியதும் நின்று, ஊன்றிய இடத்தைக் குனிந்து பார்த்தார். கையிலிருந்த ஈரமும் சேறும் சுவரில் பட்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் சட்டை நுனியை இழுத்து அந்தச் சுவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மேலே ஏறிப் போனார்.